தப்பான பக்கத்துப் பொத்தான்

1

"இடது பக்கம்டி. இத்தனை நாளா இடது பக்கத்தைப் போட்டு—"

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க. குறைஞ்சிருக்குன்னுதான்—"

"எப்படிக் குறையும்? பொத்தானே தப்பான பக்கத்துல இருக்கு. எப்படிக் குறையும்னு கேக்கறேன்."

"குறைஞ்சிருச்சுன்னா குறைஞ்சிருச்சு. அதுக்கு சாட்சியா கூட்டிட்டு வர முடியும்?"

"சிரிக்காத. அந்தச் சட்டையை எடு இங்க."

"உங்க தம்பி வர்ற நேரம். என்னைக் கிளம்ப விடுங்க."

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக்குள் உங்களை இழுத்து வந்துவிட்டேன். எனக்குக் கதைகள் இப்படித்தான் வருகின்றன. முதலில் பேச்சு வரும். பேசுகிறவர்கள் கொஞ்சம் தாமதமாக வருவார்கள். முகம் கடைசியில்தான். சில கதைகளில் முகம் வராமலே போயிருக்கிறது. அதற்காக யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தோள்வலி. எழுதுகிற கை. பிசியோதெரபிக்குப் போய்க் குப்புறப் படுத்திருந்தேன். இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், அவள் கணவர், சிகிச்சை செய்கிற பெண். சிகிச்சைக்காரி பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள்: "தோள்பட்டை எலும்பு மேல இருக்கிற இந்தத் தசையில முடிச்சு விழுந்தா வலி கையிலதான் தெரியும். நான் இங்க அழுத்தும்போது அதே வலி விரல் வரைக்கும் ஓடினா, தசைதான். வீட்டுலயே பந்து வெச்சு சரி பண்ணிக்கலாம். ஓடலன்னா கழுத்தை ஸ்கேன் எடுக்கணும். எடுத்துப் பாக்கற வரைக்கும் வேலைக்கு ஏறக் கூடாது. இப்ப அழுத்தறேன். விரல் வரைக்கும்—"

"வருது."

நான் கேட்டது இவ்வளவுதான். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அது உண்மையா பொய்யா என்று அன்று எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஒரு சொல் என்னை விடவில்லை.

மற்றதெல்லாம் நான் வைத்தது. சட்டை, பொத்தான், தம்பி எல்லாமே. "வேலைக்கு ஏற" என்றால் எங்கே ஏற என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. பேருந்தில் ஏறிப் பள்ளிக்கூடம் போகிற கணக்கு டீச்சராகவும் இருக்கலாம். ஆனால் ஒரு டீச்சருக்குக் கை மரத்துப்போனால் சாக்பீஸ் விழும். எனக்கு அதைவிடக் கனமாக ஏதாவது விழக்கூடிய ஒரு வேலை வேண்டியிருந்தது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

அவள் டவர் கிரேன் ஓட்டுகிறவள். உயரத்தில் இருந்து பார்த்தால் கீழே மனிதர்கள் எறும்புகளைப் போல—

[இதை ஊரில் எல்லோரும் எழுதியாயிற்று. அடித்துவிட்டேன்.]

இரண்டாவது தொடக்கம்:

பெண் ஒருத்தி கிரேன் ஓட்டுவதா என்று சிரித்தவர்கள் எல்லாம் இன்று—

[இது பாராட்டு விழாவில் வாசிக்கிற கட்டுரை. இதுவும் வேண்டாம்.]

மூன்றாவது முறை அவளையே உட்காரவைத்துப் பார்த்தேன். ஒரு கண்ணாடிப் பெட்டி. நாற்காலியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கைப்பிடி. இடது கை கிரேனைச் சுழற்றும்; வலது கை சுமையைத் தூக்கும், இறக்கும். காலுக்கு அடியிலும் கண்ணாடிதான். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையைக் குனிந்து, கீழே தொங்கும் கொக்கியைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க இருக்க வேண்டும். கழுத்து கெட்டுப்போக இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அவளுக்கு அந்தப் பெட்டி பிடித்திருந்தது. அங்கே யாரும் "ஒரு நிமிஷம் இங்க வாயேன்" என்று கூப்பிட முடியாது. கனமான ஒரு பொருளை அத்தனை உயரத்திலிருந்து கொண்டுபோய், தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பது போலச் சத்தமில்லாமல் கீழே வைக்கும்போது அவள் கைக்கு ஒரு சுகம் உண்டு. அதை வேறு எதிலும் அவள் கண்டதில்லை.

கீழே நின்று அவளுக்கு வயர்லெஸ்ஸில் வழிசொல்கிறவன் அவள் கொழுந்தன். கணவரின் தம்பி. வேலையிடத்தில் அவளை 'அண்ணி' என்று கூப்பிட்டால் எல்லோரும் கிண்டல் செய்வார்கள் என்று அவனே ஒரு பெயர் வைத்தான். "மேல்வீடு, மேல்வீடு, கீழ்வீடு பேசறேன். கொஞ்சம் இடது பக்கம் வாங்க." இப்போது அங்கே எல்லோருக்கும் அவள் மேல்வீடுதான். பொறியாளர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

கணவர் தையற்கடையில் துணி வெட்டுகிறவர். கட்டிங் மாஸ்டர். கடை வீட்டின் முன்னறையில்தான். மாஸ்டர் என்று அக்கம்பக்கம் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மனைவியும் கோபம் வந்தால் "சொல்லுங்க மாஸ்டர்" என்பாள்.

ஆக, மூன்று பேர். ஒருத்தி மேலே, ஒருவன் நேர் கீழே, ஒருவர் வீட்டில் கத்தரிக்கோலுடன். இதற்கு மேல் ஆள் சேர்க்கமாட்டேன். ஏற்கெனவே மூச்சு முட்டுகிறது.

3

முடிச்சைப் பற்றிக் கொஞ்சம். இதைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் போகலாம். ஆனால் கழுத்தோ இடுப்போ வலிக்கிறவர்கள் போகமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

தசை முழுவதும் இறுகுவதில்லை. அதில் ஒரு நார் மட்டும் விறைத்துக் கிடக்கும். விரல் நுனியை அழுத்தி, நாருக்குக் குறுக்காக மெல்ல நகர்த்தினால் புடவைக் கரையை மடித்துத் தைத்த இடம் போல ஒரு தடிப்பு தட்டுப்படும். அந்தத் தடிப்பிலேயே மேலும் கீழும் போனால் ஓரிடத்தில் உங்களுக்கே தெரியாமல் "ஸ்" என்பீர்கள். அதுதான் இடம். அங்கே அழுத்தினால் அங்கே மட்டும் வலிப்பதோடு நிற்காது. வேறெங்கோ, நீங்கள் இத்தனை நாள் தைலம் தடவிய இடத்தில், பழகிய அதே வலி எழுந்து உட்காரும். மருந்தையெல்லாம் வாசலில் கொட்டிக்கொண்டிருந்தோம், குடியிருப்பவர் கொல்லைப்பக்கம் இருக்கிறார் என்று அப்போதுதான் தெரியும்.

முதுகில் நம் கை எட்டாது. அதற்குத்தான் பந்து. பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்துச் சாய வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நசுக்கக் கூடாது; தாங்குகிற அளவு சாய்ந்து, வலி தானாக இளகும்வரை மூச்சை விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எலும்பின் மேல் கூடாது. கழுத்தின் முன்பக்கம் கூடவே கூடாது. பந்து நழுவி ஓடாமல் இருக்க அதை நீளமான காலுறைக்குள் போட்டு, காலுறையின் வாயைத் தோளுக்கு மேலாகப் பிடித்துக்கொள்ளலாம்.*

வலிக்கும் இடம் ஒன்று, முடிச்சு வேறொன்று. இதை வாழ்க்கைக்கும் பொருத்திப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு பத்தி எழுதி, அது எனக்கே பிடித்துப்போய், அந்தக் காரணத்துக்காகவே கிழித்துப்போட்டேன். முதுகு முதுகாகவே இருக்கட்டும்.

* நான் இதைச் சுவரில் சாய்ந்தபடி ஒரு அட்டையில் வைத்து எழுதுகிறேன். சில வரிகள் கோணலாக இருந்தால் அது நடையின் குற்றமில்லை.

4

இனி பொத்தான்.

சிகிச்சைக்காரி வலது தோளில் விரல் வைத்த இடத்தை மாஸ்டர் பக்கத்தில் நின்று கண்ணால் அளந்துகொண்டார். முதுகெலும்பிலிருந்து எவ்வளவு, தோள் தையலிலிருந்து எவ்வளவு இறக்கம் என்று. அந்த விஷயத்தில் அவர் கண்ணை நம்பலாம். வீட்டுக்கு வந்ததும் மனைவியின் பழைய பருத்திச் சட்டை ஒன்றை எடுத்தார். உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி மேசையில் விரித்தார். துணியில் அடையாளம் போடுவது என்றால் உள்பக்கத்தில்தான் போடுவார்கள். வெளிப்பக்கத்தில் சாக்பீஸ் பட்டால் தொழில் தெரியாதவன் என்று அர்த்தம். வலது தோள்பட்டைமேல் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். பிறகு சட்டையை நேராகத் திருப்பி, குறி இருந்த இடத்தில் ஒரு தடித்த பொத்தானை வைத்துத் தைத்தார். முதுகில் கண் இல்லாவிட்டாலும், சுவரில் சாயும்போது பொத்தான் உறுத்துகிற இடத்துக்குப் பந்தை நகர்த்திக்கொள்ளலாம் அல்லவா.

நல்ல யோசனை. ஆனால் உள்பக்கமாக விரித்த சட்டையில் வலதுபக்கம் போட்ட குறி, திருப்பியதும் இடதுபக்கம் போய்விடும்.

[எனக்கே சந்தேகம் வந்து, என்னுடைய பழைய ரவிக்கை ஒன்றைப் புரட்டி, மருமகளின் கண்மையால் குறி போட்டுத் திருப்பிப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் முதுகைக் காட்டி நின்றேன். இடதுபக்கம்தான். "என்ன அத்தை, யாராவது வராங்களா?" என்றாள் மருமகள். கண்மை காணாமல் போனதைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.]

முப்பது வருஷமாகத் துணி வெட்டுகிற மனிதர் இப்படியா தவறுவார் என்று கேட்பீர்கள். அவரைப் போன்றவர்தான் தவறுவார். மாஸ்டர் துணியை இரண்டாக மடித்துப்போட்டு வெட்டுகிறவர். ஒரு தோளை வெட்டினால் மறுதோள் அடியில் தானே வெட்டுப்பட்டுவிடும். ஒரு கையை வரைந்தால் இரண்டு கை வரும். இடது, வலது என்கிற தொல்லையே அவர் மேசைக்கு வந்ததில்லை.

சரி, அவர்தான் தவறினார். அவளுக்கு வலது கை வலிக்கிறது. இடது முதுகில் பொத்தான் உறுத்துகிறது. அசடா அவள்?

இந்த இடத்தில் நான் சில நாட்கள் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர்கள் இரண்டு பேரும் அந்த முதல் வாரத்தில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அவள் லேசாகக் கேட்டிருக்கிறாள், பக்கம் மாறியிருக்கிற மாதிரி இல்லையா என்று. அவர் சட்டென்று சொல்லியிருக்கிறார், வலி ஒரு இடம் முடிச்சு வேற இடம்னு அந்தப் பொண்ணு அத்தனை தடவை சொன்னாங்களே, நீ எங்க கவனிச்சே என்று. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவரின் பிடிவாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவள் மறுத்துப் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்பதுதான் இந்தக் கதை.

5

இன்று காலை மாஸ்டருக்கு விஷயம் பிடிபட்டது எப்படி என்றும் சொல்ல வேண்டும். ஒரு கவுன் வெட்ட வந்திருந்தது. ஒரு தோள் மட்டும் மூடி, மறுதோளைத் திறந்துவிடுகிற மாதிரி. அதை மடித்துப்போட்டு வெட்ட முடியாது. ஒற்றைத் துணியாக விரிக்க வேண்டும். எது இடது, எது வலது என்று யோசித்தே ஆக வேண்டும். விடிந்ததும் துணியை விரித்து, உள்பக்கத்தில் கோடு போட்டு, கத்தரிக்கோலை எடுத்தவர், 'திருப்பினால் இது அந்தப் பக்கம் அல்லவா போகும்' என்று நின்றார். துணி தப்பியது. அதே நொடியில் சட்டை நினைவுக்கு வந்துவிட்டது. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

அங்கேதான் நாம் உள்ளே நுழைந்தோம்.

முதலில் நான் அவரைக் கோபக்காரராக எழுதினேன். "நீ ஏன் சொல்லல" என்று கத்துகிறவராக. எழுதியதைச் சத்தமாக வாசித்தபோது அது அவர் குரலாக இல்லை. மறுபடி காது கொடுத்துக் கேட்டேன். அவர் குரலில் இருந்தது கோபமில்லை, சந்தோஷம். என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அவர் கணக்கு நேராகத்தான் இருக்கிறது: தப்பான பக்கத்தில் அழுத்தியே இவ்வளவு குறைந்திருக்கிறது என்றால், சரியான பக்கத்தில் அழுத்தினால் இரண்டே நாளில் கை பழையபடி ஆகிவிடும்.

"தப்பு என்னோடது," என்றார், சட்டையில் இருந்த பொத்தானின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. "முழுக்க என்னோடது. நீ கவலைப்படாத. இப்பதான் வழி தெரிஞ்சிருக்கு."

தன் தவறைக் கண்டுபிடித்துவிட்டு ஒரு மனிதர் இத்தனை நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் என்ன சொல்வாள்?

[இதுவரை கதை அவர் பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது. அவர் நல்லவர் என்பதால். நல்லவர்கள் கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் அவளிடம் திரும்புகிறேன்.]

6

பொத்தான் தப்பான பக்கம் இருக்கிறது என்று மேல்வீட்டுக்காரிக்கு முதல் நாளே தெரியும். சிகிச்சைக்காரியின் விரல் எந்தப் பக்கம் இருந்தது என்று கணவர் மறக்கலாம். விரலைத் தாங்கிய முதுகு மறக்காது.

அவர் துணி வாங்கப் போயிருந்த ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் அந்தச் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு, பந்தை வலது தோள்பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்தாள். மெல்ல உருட்டினாள். மேலே, கீழே, அக்குளை ஒட்டிய ஓரம், முதுகெலும்பை ஒட்டிய ஓரம். வலித்தது. பந்து பட்ட இடத்தில் யாருக்கும் வலிக்கிற வலிதான். அங்கேயே நின்றுவிட்டது. கைக்கு இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல்களையே நினைத்துக் காத்திருந்தாள், வாசலில் யாரோ வரப்போகிற மாதிரி. யாரும் வரவில்லை.

சிகிச்சைக்காரி அழுத்திய அன்றும் வரவில்லை. வராது என்று அவளுக்கு அந்த விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது. அதனால்தான் அவசரப்பட்டு "வருது" என்றாள்.

வராவிட்டால் ஸ்கேன். ஸ்கேனில் கழுத்தில் ஏதாவது இருந்தால் கம்பெனி மருத்துவரிடம் போகும். அவர் ஒரு முறை தலையை ஆட்டினால் போதும், ஏணியின் கீழ்ப்படியில்கூட அவளைக் கால்வைக்க விடமாட்டார்கள். அவளுக்கு முன்னால் அந்தக் கண்ணாடிக் கேபினில் இருந்தவர் அப்படி இறக்கப்பட்டு, இப்போது வேலையிடத்து வாசலில் வண்டிகளுக்குக் கதவு திறந்துவிடுகிறார். தினமும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள்.

அப்படியென்றால் தப்பான பக்கத்துப் பொத்தான் அவளுக்கு ஒரு வகையில் வசதிதான். சரியான இடத்தை அழுத்தியும் வரவில்லை என்கிற உண்மையை யாரும் கேட்காமல் அது காப்பாற்றிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கேட்கும்போதெல்லாம் "பரவாயில்லங்க, குறைஞ்சிருக்கு" என்றாள். அவர் முகம் தெளியும். இரண்டு பேரும் சாப்பிட உட்காருவார்கள்.

குறையவில்லை. இப்போதெல்லாம் வலியைவிட வலி இல்லாத நேரம்தான் அவளைப் பயமுறுத்துகிறது. கைப்பிடியைத் தள்ளினால் வேகத்தின் முதல் படியில் 'டக்' என்று ஒரு சின்னத் தட்டு கையில் தெரியும். கண் கொக்கியில் இருக்கும்போது கைதான் வேகத்தைச் சொல்ல வேண்டும். சில நாட்களாக அந்தத் தட்டு தெரிவதில்லை. கை கைப்பிடிமேல் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கையைப் பார்த்தால் கொக்கியைப் பார்க்க முடியாது.

நேற்று இரும்புக்குழாய்க் கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தாள். "மெதுவா, மெதுவா, இன்னும் ஒரு ஆள் உயரம்" என்று கீழிருந்து கொழுந்தன் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாவது 'மெதுவா' காதில் விழுவதற்குள் கட்டு தொம்மென்று தரையில் உட்கார்ந்தது. தூசி எழுந்தது. வயர்லெஸ்ஸில் கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும்.

பிறகு அவன் குரல். "மேல்வீடு, கீழ்வீட்டுல மனுஷங்க தூங்கிட்டிருக்காங்க. கொஞ்சம் பாத்து நடங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் காலடிக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். கட்டுக்கும் அவன் பூட்ஸுக்கும் எவ்வளவு இடைவெளி இருந்தது என்று மேலிருந்து அவளுக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. மாலையில் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். அவள் இடது கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் பிடிப்பது வலது.

[இந்தப் பகுதியை நான் எழுதவில்லை, யாரோ சொல்லச் சொல்ல எழுதினேன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகையால் எழுதவில்லை.]

7

எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன.

ஒன்று. மாஸ்டர் சரியான இடத்தில் அழுத்துகிறார். ஒரு மயிரிழை தள்ளி அழுத்துகிறார், அவள் பந்தால் தேடியபோது தவறவிட்ட இடம். வலி குபீரென்று விரல் நுனிக்கு ஓடுகிறது. "வருதுங்க, நிஜமாவே வருது" என்று அழுகிறாள். தசைதான். எல்லாம் தசைதான். இதை எழுதி முடித்த அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுநாள் வாசித்தால் வெட்கமாக இருந்தது. நடக்காது என்று இல்லை, நடக்கலாம். அந்தச் சிகிச்சைக்காரியின் விரலே கொஞ்சம் விலகியிருக்கலாம். ஆனால் கதையில் அத்தனை பொய்யையும் ஒரு மயிரிழை துடைத்துவிட்டால், அவள் நேற்று மேலே ஏறியது சரி என்று ஆகிவிடும். நேற்று அவள் ஏறும்போது அவளுக்கு அது தெரியாதே.

இரண்டு. அவள் "வருது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறாள். கொக்கியில் ஒரு சுவர் அளவுக் கான்கிரீட் சுவர்ப்பலகை. கீழே கொழுந்தன். கை—

எழுதமாட்டேன். நான் யாரையும் கொல்வதற்காக எழுத உட்காரவில்லை. அவன் முணுமுணுத்த பாட்டுகூட இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மூன்று. அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். இதுதான் சரி. உங்களில் யாருக்காவது கை மரத்துப்போகிறது என்றால் பந்தை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். இதைக் கதைக்கு வெளியே வந்து சொல்கிறேன். ஆனால் கதைக்குள் அதை எழுதியபோது இரண்டு பேரும் மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருக்கிற அறிவிப்பைப் போலப் பேசினார்கள். "உடல்நலமே முக்கியம்" என்று மாஸ்டர் சொன்னார், பாவம். அவர் வாழ்நாளில் 'உடல்நலம்' என்று சொல்லியிருக்கமாட்டார். நான் பேனாவை மூடிவைத்தேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கேட்பதுதான். கேட்காததை எழுதினால் இப்படித்தான் ஆகும். அதனால் அந்தக் காலைக்கே திரும்பிப் போய், அந்த அறையின் ஓரமாக நிற்கிறேன். நீங்களும் வாருங்கள். தையல் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இடம் இருக்கிறது.

8

பொத்தான் மேசைமேல் கிடந்தது. மாஸ்டர் அவளைச் சுவரைப் பார்த்தபடி நிற்கவைத்து, வலது தோள்பட்டைமேல் உள்ளங்கையை வைத்தார். துணியின் நெசவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தடவிப் பார்க்கிற கை. எலும்பின் விளிம்பைத் தொட்டு, அங்கிருந்து உள்ளே வந்து, கட்டைவிரலை ஊன்றினார். இந்த முறை அளவு தவறவில்லை. அன்று சிகிச்சைக்காரி தொட்ட அதே இடம். அவள் முதுகு அதை அடையாளம் கண்டுகொண்டது.

"இதோ. இதான். இப்ப சொல்லு, விரல் வரைக்கும் வருதா?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வலது கையை லேசாக மடக்கிப் பார்த்தாள். சுண்டுவிரல் மடங்கியதா என்று தெரிந்துகொள்ளக் கண்ணைத் தாழ்த்த வேண்டியிருந்தது. சொல்லவேண்டியது ஒரு சொல். அன்று சிகிச்சைக்காரியிடம் அதைச் சொல்லியிருக்கிறாள்; இந்த வீட்டில் எத்தனையோ முறை "குறைஞ்சிருக்கு" என்று சொன்ன நாக்குக்குப் பொய் பழக்கம். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது முதுகில் தெரிந்தது.

"சொல்லேன். ரொம்ப அழுத்தறேனா?"

வெளியே வண்டி வந்து நின்றது. கொழுந்தன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசற்படியில் வந்து நின்று, கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டான். அண்ணனையும் அண்ணியையும் அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, "என்னண்ணே, அண்ணிக்குச் சட்டை தெக்கறதா இருந்தா சாயந்திரம் அளவெடுங்க, மேல்வீடு லேட்டா வந்தா எனக்குத்தான் திட்டு விழும்" என்றான். மாஸ்டர் கட்டைவிரலை எடுக்காமலே, ரகசியம் சொல்கிறவர் போலத் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னார்: பொத்தான் பக்கம் மாறிவிட்டது, இப்போது கண்டுபிடித்தாயிற்று, இரண்டு நாளில் உன் அண்ணி கை புதுசாகிவிடும். தம்பி வாய்விட்டுச் சிரித்தான். துணியைத் திருப்பிப் போட்ட கதையை இன்றைக்கு வேலையிடத்தில் எல்லோருக்கும் சொல்லப்போவதாகச் சொன்னான். சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. அவன் ஜோக்குக்குத் திட்டவும் இல்லை. அப்படி அவள் இருந்ததில்லை. நேற்று கரகரத்த வயர்லெஸ் அவனுக்கு இப்போதுதான் காதில் விழுந்தது போல, சிரிப்பு மெல்ல முகத்தைவிட்டுப் போனது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

இதற்கு மேல் எனக்குக் கேட்டது அவன் குரல் மட்டும்தான். அவள் பதிலுக்காக நான் நாள்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை போலும். நான் எழுந்து விலகி நிற்கிறேன். உங்களிடம் சொல்வாளாக இருக்கும். அந்தக் கட்டைவிரல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

"அண்ணி, இன்னிக்குச் சுவர்ப்பலகை. அடியில நின்னு நான்தான் பிடிக்கணும். கை நல்லாயிருக்கில்ல?"